அயர்லாந்து மேப்பின் அடுப்படியில்…

டப்ளின் நகரத்தில் ஃபீனிக்ஸ் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. மான் மந்தை மேயும், அயர்லாந்து ஜனாதிபதியின் மாளிகை நிற்கும், வெயில் தலைகாட்டினால் ஊரே வந்து புல்லில் படுத்துக்கொள்ளும். அயர்லாந்தின் வைசிராயாக இருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு, 1747-ல் அங்கே ஒரு கல்தூணை நட்டார். உச்சியில் நெருப்பிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை! பார்க்கிறவர்கள், "ஓ, அதனால்தான் ஃபீனிக்ஸ் பார்க்கா!" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அதுதான் இல்லை. அந்த இடத்துக்கும் பறவைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அங்கே ஒரு ஊற்று இருந்தது. ஐரிஷ்காரர்கள் அதை 'ஃபியன் இஷ்க' என்றார்கள். தெளிந்த தண்ணீர் என்று அர்த்தம். இங்கிலீஷ் காதில் அது 'ஃபீனிக்ஸ்' என்று விழுந்தது. காதில் விழுந்தது காகிதத்தில் ஏறி, காகிதத்தில் ஏறியது கல்லில் பறவையாக உட்கார்ந்துவிட்டது. (இந்த 'இஷ்க' உங்களுக்கும் தெரிந்தவர்தான். 'இஷ்க பாஹா', அதாவது உயிர்த் தண்ணீர் என்பதுதான் சுருங்கி விஸ்கி ஆனது. இனி நண்பர்களிடம் 'தண்ணி போட்டேன்' என்று சொன்னால் மொழியியல்படி அது நூறு சதம் சரி.)

தமாஷ் இன்னும் முடியவில்லை. அயர்லாந்து முழுவதையும் அளந்து, ஊர் ஊராகப் பெயர் எழுதி, "இதுதான் சரியான எழுத்துக்கூட்டு" என்று முத்திரை குத்திய ஆர்ட்னன்ஸ் சர்வே அலுவலகம் எங்கே இருந்தது தெரியுமா? இதே ஃபீனிக்ஸ் பார்க்கில், மவுண்ட்ஜாய் ஹவுஸ் என்ற கட்டடத்தில்! தப்புப் பெயர் கொண்ட பூங்காவில் உட்கார்ந்துகொண்டு மற்ற ஊர்ப் பெயர்களைத் திருத்தியிருக்கிறார்கள்.

இந்த ஒன்றைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஊர்ப் பெயர் என்பது அரசாங்க முத்திரை வாங்கிவிட்ட வதந்தி என்று நான் நம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அயர்லாந்து மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரின் கொல்லைப்புறக் கதவையும் தட்டிக்கொண்டிருக்கிறேன். வாருங்கள், நீங்களும் எட்டிப் பாருங்கள்.

முதலில் 'டவுன்லேண்ட்' என்ற சமாச்சாரம். பெயரில்தான் டவுன் இருக்கிறது, இடத்தில் இருக்காது. நாலைந்து வீடு, கொஞ்சம் மேய்ச்சல் நிலம், ஒரு சதுப்பு. சில இடங்களில் மாடுகளே பெரும்பான்மை. நாட்டின் மிகச் சிறிய நிலப் பிரிவு இது. இப்படி 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்ட்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். பெயருக்குள்ளே ஒரு குன்றோ, ஒரு சாமியாரோ, ஒரு பன்றியோ கட்டாயம் ஒளிந்திருக்கும். பன்றி என்று சும்மா சொல்லவில்லை. கால்வே மாவட்டத்தில் 'மக்கனாகெடர்டாஹாலியா' என்று ஒரு இடம், ஆங்கிலத்தில் எழுதினால் 22 எழுத்து. ஐரிஷில் பிரித்துப் பார்த்தால், இரண்டு உப்பங்கழிகளுக்கு நடுவே இருக்கிற பன்றி மேடு. அவ்வளவுதான் விஷயம். இதைக் கைகாட்டிப் பலகையில் எழுதும் ஓவியரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இந்த அறுபதாயிரத்தையும் யார் உட்கார்ந்து எழுதினார்கள்? இங்கேதான் நம் அடுப்படி வருகிறது.

1824-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அயர்லாந்தை அளக்க உத்தரவு போட்டது. நோக்கம் கவிதை இல்லை, வரி. எந்த நிலத்துக்கு எவ்வளவு வரி என்று சரியாகப் போட எல்லை தெரிய வேண்டும், எல்லை தெரிய மேப் வேண்டும். ஒரு மைலை ஆறு அங்குலமாக வரைய வேண்டும் என்பது கணக்கு. அப்படி வரைந்தால் வேலி, வரப்பு, கிணறு வரை தெரியும். தலைவர் தாமஸ் கோல்பி. துப்பாக்கி விபத்தில் ஒரு கையை இழந்தவர், மிச்சமிருந்த கையை வைத்துக்கொண்டு மலைகளில் எல்லோருக்கும் முன்னால் ஏறியவர். அளக்கிற உலோகக் கோல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் அல்லவா? அதைச் சரிக்கட்டும் ஒரு தனிக் கருவியையே செய்தார். இந்தியாவை அளந்துகொண்டிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட், விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது 1829-ல் அயர்லாந்துக்கே வந்து இந்தக் கருவியைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி கருவிகளோடு கல்கத்தா திரும்பினார். 1802-ல் நம் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் சங்கிலியை நீட்டித் தொடங்கிவைத்த சர்வேயின் பிற்பகுதி இப்படி அயர்லாந்துப் பாடம் படித்தது. சரி, நம் கதை கோல்களைப் பற்றியதல்ல, காதுகளைப் பற்றியது.

சிப்பாய்கள் அளப்பார்கள். ஆனால் ஊரின் பெயர் என்ன என்று கேட்டால் ஜமீன்தார் ஒன்று சொல்வார், பாதிரியார் ஒன்று சொல்வார், பழைய பத்திரம் மூன்றாவதாக ஒன்று சொல்லும். எல்லாவற்றையும் 'பெயர்ப் புத்தகம்' என்ற நோட்டில் வரிசையாக எழுதி வைத்தார்கள். யார் எப்படி எழுத்துக் கூட்டுகிறார்கள், அதற்கு ஆதாரம் எது என்று எல்லாம் கட்டம் கட்டி! ஒரே ஊருக்குக் கட்டம் நிறைய விதவிதமான கூட்டல்கள். இதில் எதை மேப்பில் போடுவது?

தாமஸ் லார்கம் என்ற இளம் அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. ஐரிஷ் தெரிந்த ஆளைப் பிடி! அதற்கு முன்னால் தானே கொஞ்சம் ஐரிஷ் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டார். கில்கெனி மாவட்டத்து விவசாயி மகன், பெயர் ஜான் ஓ'டோனவன். ட்யூஷன் எடுக்க வந்த பையனையே லார்கம் 1830-ல் வேலையில் சேர்த்துவிட்டார். தங்கச் சுரங்கத்தில் கால் இடறி விழுந்த கதை இது. ஓ'டோனவன் போல ஐரிஷ் ஏடுகளைக் கரைத்துக் குடித்தவர்கள் அன்றைக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

பெயர்களை ஆராய்ந்த பிரிவுக்கு மட்டும் அலுவலகம் வேறு: டப்ளின் கிரேட் சார்லஸ் தெருவில் 21-ஆம் எண் வீடு. ஓவியரும் தொல்பொருள் பிரியரும் ஃபிடில் வாசிப்பவருமான ஜார்ஜ் பீட்ரியின் சொந்த வீடு அது. அங்கே வேலை பார்த்தவர்களின் பட்டியலைப் பாருங்கள், ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு ஆள் எடுத்த மாதிரி இருக்கும். ஜேம்ஸ் கிளாரன்ஸ் மாங்கன் என்ற கவிஞர் அங்கே நகல் எழுத்தர். நிறக் கண்ணாடி, தொளதொள அங்கி, கூம்புத் தொப்பி, எந்நேரமும் குடை என்று உலாவியவர். இன்னொருவர் யூஜின் ஓ'கரி. கிளேர் மாவட்டக் கடலோரத்துக்காரர். லிமரிக் நகரத்து மனநல விடுதியில் காவலராகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தார். அங்கேயிருந்து இங்கே வந்ததில் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது என்பது என் சொந்த ஊகம். ஓ'டோனவனும் ஓ'கரியும் அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு சகலைகள் ஆனார்கள். ஐரிஷ் ஏட்டுப் படிப்பின் இரண்டு பெரிய தூண்கள், ஒரே மாமியார் வீட்டு மாப்பிள்ளைகள்!

ஓ'டோனவனின் வேலைதான் இதில் அசல் சாகசம். 1834-லிருந்து மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார், பெரும்பாலும் கால்நடையாக. ஊரில் வயதான, ஐரிஷ் பேசுகிற ஆளைத் தேடிப் பிடிப்பார். "உங்கள் ஊர் பெயரைச் சொல்லுங்கள்" என்பார். கிழவர் சொல்வார். "இன்னொரு தடவை?" கிழவர் இன்னொரு தடவை சொல்வார். காதில் விழுவதை ஏட்டில் இருப்பதோடு ஒத்துப் பார்த்து, ஐரிஷ் மூலம் இது, பொருள் இது என்று நோட்டில் எழுதி, பட்டியலில் உள்ள ஆங்கிலக் கூட்டல்களில் மூலத்துக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுப்பார். இரவு தங்கும் இடத்தில் உட்கார்ந்து டப்ளினுக்குக் கடிதம். அந்தக் கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, அவைதான் திரைக்குப் பின்னால் நடந்ததற்கெல்லாம் சாட்சி. பாதி ஆராய்ச்சி, பாதி புலம்பல். மழை, நனைந்த துணி, மோசமான விடுதி, கேட்ட புத்தகத்தை டப்ளின்காரர்கள் இன்னும் அனுப்பவில்லை என்ற எரிச்சல். நடுநடுவே குலப்பெருமைகள், ஊர்க் கிழவர்களைப் பற்றிய நையாண்டி. அரசாங்கக் கோப்பில் இவ்வளவு ஈரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இவ்வளவு கவனமாகச் செய்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஒலியை ஆங்கில எழுத்தில் பிடித்து வைத்தார்கள், பொருள் நழுவிவிட்டது. 'கில்' என்று தொடங்கும் ஊர்கள் அயர்லாந்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஐரிஷில் 'கில்' என்றால் சின்ன தேவாலயம். 'குவில்' என்றால் காடு. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் 'கில்'தான்! ஊருக்குள் போகும்போது கையெடுத்துக் கும்பிடுவதா, கோடாரி எடுத்துக்கொண்டு போவதா? பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 'பாலி' இன்னும் மோசம். ஊர் என்று பொருள்படும் 'பால்யா'வாகவும் இருக்கலாம், ஆற்றுத்துறையின் வாய் என்று பொருள்படும் 'பேல் ஆஹ' என்பதாகவும் இருக்கலாம். பாலினா, பாலினஸ்லோ இரண்டும் துறைவாய் ரகம். ஊர் என்று நினைத்துக் கால் வைத்தால் தண்ணீரில் வைப்பீர்கள்.

இங்கிலீஷ் வார்த்தை மாதிரியே வேஷம் போட்டுத் திரியும் பெயர்கள்தான் எனக்குச் செல்லம். கார்க் மாவட்டத்தில் 'ஓவன்ஸ்' என்று ஒரு ஊர். ரொட்டி சுடும் அடுப்புகளா? இல்லை. ஐரிஷில் 'ஊவனா' என்றால் குகைகள். டிப்பரரியில் 'கோல்டன்'. தங்கம் கிடைக்காது, ஆறு கவைக்கோல் மாதிரி பிரிகிற இடம் என்பதற்கான ஐரிஷ் சொல் தேய்ந்து தங்கமாகிவிட்டது. மீத் மாவட்டத்தின் 'நோபர்' ஐரிஷில் 'அன் ஒபர்', வேலை என்று பொருள். ஆக, நோபர்காரர் வெட்டியாகவே உட்கார்ந்திருந்தாலும் வேலையில்தான் இருக்கிறார். லிமரிக் மாவட்டத்தில் 'ஹாஸ்பிடல்' என்றே ஒரு ஊர் உண்டு. அது மட்டும் வேஷம் இல்லை. இடைக்காலத்தில் சிலுவைப் போர் வீரத்துறவிகள் நடத்திய விடுதியால் வந்த பெயர். பஸ்ஸில் ஏறி "ஹாஸ்பிடலுக்கு ஒரு டிக்கெட்" என்றால் யாரும் பதறிப்போய் எழுந்து இடம் கொடுக்க மாட்டார்கள்.

இந்த அடுப்படிக் கதையை பிரையன் ஃப்ரீல் நாடகமாகவே எழுதிவிட்டார். பெயர் 'டிரான்ஸ்லேஷன்ஸ்'. 1833-ல் ஒரு டோனகல் கிராமத்தில் ஆங்கிலச் சிப்பாய்களும் ஒரு உள்ளூர் மொழிபெயர்ப்பாளரும் பெயர்ப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். 1980 செப்டம்பரில் டெரி நகர மண்டபத்தில் முதல் அரங்கேற்றம். அதில் நடித்தவர்களில் ஒருவர் லியம் நீசன்! ஆமாம், பின்னாளில் 'டேக்கன்' படத்தில் போனில் மிரட்டிப் பேர் வாங்கியவரேதான். நாடகம் சரித்திரத்தைக் கொஞ்சம் கூடவே வளைத்துவிட்டது என்று வரைபட வரலாற்றாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. சர்வேக்காரர்கள் துப்பாக்கி முனையில் பெயர் மாற்றவில்லை, கிழவர்களிடம் கேட்டுத்தான் எழுதினார்கள். ஆனாலும் நாடகம் பிரமாதம் என்பது என் கட்சி.

நாடகம் நடந்த டெரிக்கே பெயர்த் தகராறு உண்டு. 'டெரி' என்றால் ஐரிஷில் கருவாலித் தோப்பு. 1613-ல் லண்டன் வணிகர்கள் வந்து 'லண்டன்டெரி' ஆக்கினார்கள். இன்றைக்கும் எதைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்து நீங்கள் அயர்லாந்து பக்கமா, பிரிட்டன் பக்கமா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பொதுவாகப் பேச வேண்டியவர்கள் இரண்டையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு எழுத, ஜெர்ரி ஆண்டர்சன் என்ற ரேடியோக்காரர் அந்த ஊருக்கே 'சாய்கோட்டு நகரம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

இதுவரை பார்த்தது பெயரை எழுதினவர்கள் கதை. பெயருக்குக் கதை கட்டினவர்கள் தனி ரகம். ஐரிஷில் 'டின்ஷனகஸ்' என்று ஒரு பழைய இலக்கிய வகையே இருக்கிறது. இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று சொல்லும் கதைகளின் தொகுப்பு. நம் தலபுராணத்துக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டு ஏடுகளிலேயே கட்டுக்கட்டாக இருக்கிறது. அக்காலத்து ஐரிஷ் புலவர்களுக்கு இது பாடத்திட்டம். ஊர் தெரியாத புலவனுக்கு விருந்தில் இடம் கிடையாது.

உதாரணத்துக்கு ஷானன் ஆற்றங்கரையில் உள்ள ஆத்லோன். 'லுவனின் துறை' என்று பொருள். லுவன் என்பவர் யாரோ ஓர் ஆசாமியாக இருக்கலாம் என்பார்கள் அறிஞர்கள். கதைக்காரர்கள் அப்படிச் சப்பென்று விட்டுவிடுவார்களா? இரண்டு மாயக் காளைகள் நாடு முழுக்கச் சண்டை போட்டன, பழுப்புக் காளை வெள்ளைக் காளையைக் கிழித்துக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனது, அதன் இடுப்புக் கறி விழுந்த துறைதான் இது என்றார்கள். எனக்கு அறிஞர்கள் மேல் மரியாதை உண்டு. ஓட்டு காளைக்குத்தான்.

டப்ளினின் தென்மேற்கே டாலா. இன்று அடுக்குமாடி, ட்ராம், பெரிய ஷாப்பிங் மால். பெயரின் பொருள் கொள்ளைநோய்ப் புதைகுழி! பார்தலோன் என்பவனின் கூட்டத்தார் 9,000 பேர் ஒரே வாரத்தில் மாண்டு புதைக்கப்பட்ட இடம் என்பது கதை. வீட்டு விளம்பரத்தில் இதையெல்லாம் போடுவதில்லை.

எனக்குப் பிடித்தது லூப் ஹெட். கிளேர் மாவட்டத்தின் மேற்கு மூக்கு, அட்லாண்டிக்கில் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை முனை. நம் ஓ'கரி பிறந்த தீபகற்பம்தான். ஐரிஷில் அது 'பாய்ச்சல் முனை'. யார் பாய்ந்தது? கூஹுலின் என்ற மாவீரன். எந்தப் படையைக் கண்டு? படை எல்லாம் இல்லை, மால் என்ற சூனியக்காரிக்கு அவன் மேல் காதல் வந்துவிட்டது. அவ்வளவுதான், வீரன் ஓட்டம் பிடித்தான். அயர்லாந்து முழுக்கத் துரத்தி இந்த முனையில் மடக்கினாள். அவன் எதிரே கடலில் நிற்கும் ஒற்றைப் பாறைக்கு ஒரே தாவு. அவளும் தாவினாள். அவன் திரும்பத் தாவினான். அவளும் தாவ, இந்தத் தடவை கால் சறுக்கிக் கடலில் விழுந்தாள். அலை அவளை வடக்கே கொண்டுபோய் ஒதுக்கிய இடம் 'கிழவி முனை'. மோஹர் செங்குத்துப் பாறைகளின் தென்கோடியில் இருக்கிறது. இடையில் உள்ள வளைகுடா 'மால் விரிகுடா'. ஒரு ஒருதலைக் காதலில் ஒரு கடற்கரைக்கே பெயர் வைத்து முடித்துவிட்டார்கள்!

இனி கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம், 'அவர்கள்' காதில் விழுந்துவிடப் போகிறது. ஐரிஷ் கிராமத்தில் 'ஷீ' என்றால் மாயக்குலத்தார், அவர்கள் குடியிருக்கும் மேட்டுக்கும் அதே பெயர். ஸ்லைகோவில் 'நாக்னஷீ', மாயக்காரர் குன்று. விக்லோவில் 'பொலஃபூக்கா', பூக்காவின் பள்ளம். பூக்கா என்பது பெரும்பாலும் கறுப்புக் குதிரையாக வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் சுற்றும் குறும்புப் பேய். நம் பூச்சாண்டிக்குக் குதிரை வேஷம் போட்ட மாதிரி. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் 'ஷீ' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. 'நல்லவர்கள்' என்பார்கள். நாம் நாகத்தை 'நல்ல பாம்பு' என்கிறோமே, அதே பயம், அதே பணிவு.

நல்லவர்கள் வசிக்குமிடம் வட்டக் கோட்டைகள். ஏறக்குறைய 1,000-லிருந்து 1,500 வருடங்களுக்கு முன் விவசாயக் குடும்பங்கள் வீட்டைச் சுற்றி எழுப்பிய மண் வளையங்கள் இவை. நாட்டில் சுமார் 45,000 இருப்பதாகக் கணக்கு. 'லிஸ்', 'ராத்' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் எல்லாம் இந்தக் கோட்டை வழி வந்தவை. இவ்வளவு எண்ணிக்கையில் பிழைத்துக் கிடப்பதற்குத் தொல்லியல் சட்டத்தை விட, ஏர் ஓட்டினால் மாடு சாகும், வீடு விளங்காது என்ற பயம்தான் பெரிய காரணம். அரசாங்க முள்வேலியைத் தாண்டுகிறவன் கூட இதைத் தாண்ட மாட்டான்.

பயம் பழங்கதை ஆகிவிட்டதா? 1999-ல் கிளேர் மாவட்டத்து லட்டூன் என்ற இடத்தில் புது நெடுஞ்சாலை போடும்போது வழியில் ஒரு ஒற்றை ஹாதார்ன் முள்மரம் நின்றது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி கொதித்து எழுந்தார். கோனாக்ட் மாகாணத்து மாயக்காரர்களோடு சண்டைக்குப் போகும் மன்ஸ்டர் மாகாணத்து மாயக்காரர்கள் கூடுகிற மரம் அது, வெட்டினால் சாலையில் விபத்து நடக்கும் என்று பத்திரிகைக்கு எழுதினார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஓடி வந்தன. கடைசியில் என்ன ஆனது? மரத்தை வேலி கட்டிக் காப்பாற்றிவிட்டுச் சாலையைப் போட்டார்கள். 2002-ல் யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரியில் கிளைகளை எல்லாம் ரம்பத்தால் அறுத்துத் தள்ளினான். மரம் மறுபடி துளிர்த்துக்கொண்டது. 2017-ல் கெர்ரி மாவட்ட எம்.பி. டேனி ஹீலி-ரே, தன் பக்கத்து நெடுஞ்சாலை ஓரிடத்தில் திரும்பத் திரும்ப உள்வாங்குவதற்குப் பக்கத்தில் இருக்கிற மாயக் கோட்டைகளே காரணம் என்று சொல்லித் தலைப்புச் செய்தி ஆனார். ஒப்பந்ததாரர்கள் யாரும் மறுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்!

இந்தக் கதைகளை எல்லாம் யார் எழுதி வைத்தது என்று கேட்டால், எனக்குக் கண் கலங்கும் பதில் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

1935-ல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் தொடங்கியது. ஷேமஸ் ஓ டூலார்கா தலைவர், ஷான் ஓ சூலவான் ஆவணக் காப்பாளர். கையில் காசு குறைவு, சேகரிப்பாளர்கள் சிலர்தான். அவர்கள் சைக்கிளிலும் காரிலும் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டு போய், கிழவர்கள் குரலை மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். எழுதி முடித்ததும் உருளையை டப்ளினுக்கு அனுப்புவார்கள். அங்கே மேல் மெழுகைச் சீவிவிட்டு அடுத்த கிழவருக்குப் பயன்படுத்துவார்கள்! சிக்கனம். எழுத்து மிஞ்சியது, பெரும்பாலான குரல்கள் சீவலோடு போய்விட்டன. இதைப் படித்த அன்றைக்கு ஓர் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

காசில்லாத அந்த ஆணையத்துக்குத்தான் அந்த அற்புத யோசனை வந்தது. 1937-லிருந்து ஆரம்பப் பள்ளிகளின் பெரிய வகுப்புகளில் கட்டுரை எழுதும் நேரத்தை இதற்கு ஒதுக்கச் செய்தார்கள். ஓ சூலவான் எழுதிய சின்னக் கையேடு ஒன்று பள்ளிகளுக்குப் போனது. புதையல், மாயக் கோட்டை, ஊர்ப் பெயர், கை வைத்தியம், வெண்ணெய் கடைதல், கால்களைப் பராமரித்தல் என்று 55 தலைப்புகள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்து எழுத வேண்டும். 26 மாவட்டங்களில் சுமார் 5,000 பள்ளிகள், 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1939 தொடக்கத்தில் முடித்து எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள்!

அந்த நோட்டுகள் இப்போது 'டூக்கஸ்' என்ற இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் படமாகக் கிடைக்கின்றன. மை கொட்டின கறை, வாத்தியாரின் திருத்தம், யாரிடம் கேட்டேன் என்ற கணக்கு, எல்லாம் அப்படியே. புதையல் கதைகள் மட்டும் எனக்கு அலுப்பதே இல்லை. அநேகமாக எல்லா ஊரிலும் தங்கம் புதைந்திருக்கிறது. மூன்று இரவு தொடர்ந்து கனவு வரும். தோண்டப் போனால் காளையோ, பூனையோ, பாம்போ காவல் நிற்கும். தோண்டினவன் பயந்து ஓடுவான். ஒருத்தர் கூடப் பணக்காரர் ஆன மாதிரி தெரியவில்லை. 2017-ல் இந்த ஆணையத்தின் மொத்தச் சேகரிப்பும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது.

ஒரு மேப் பிறக்க ஆணையம்தான் வேண்டும் என்பதில்லை. டிம் ராபின்சன் என்ற இங்கிலாந்துக்காரர், கணிதம் படித்த ஓவியர், 1972-ல் லண்டனை விட்டு அரன் தீவுகளுக்கு வந்து சேர்ந்தார். தபால் அலுவலக அம்மா ஒருவர், வந்து போகிறவர்களுக்கு உதவியாக ஒரு மேப் வரைந்தால் என்ன என்று கேட்டார். சும்மா கேட்ட கேள்வி. மனிதர் தீவின் ஒவ்வொரு பிளவிலும் ஏறி இறங்கி, மீனவர்களிடமும் விவசாயிகளிடமும் பெயர் கேட்டுக் கேட்டு 1975-ல் மேப் வெளியிட்டார். பிறகு பரன், பிறகு கனமாரா என்று 2020-ல் இறக்கும் வரை அந்த மண்ணையே எழுதிக்கொண்டிருந்தார். ஓ'டோனவன் காதால் வேலை செய்தவர் என்றால் இவர் காலால்.

திரைக்குப் பின்னால் அடிதடி இல்லாமல் இருக்குமா? கெர்ரி மாவட்டத்தில் டிங்கிள் என்று சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் துறைமுக ஊர். ஐரிஷ் பேசும் பகுதி என்பதால், 2005-ல் அரசாங்கம் ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டு 'அன் டாங்கன்' மட்டும்தான் அதிகாரபூர்வப் பெயர் என்று உத்தரவு போட்டது. ஊரார் கொதித்துவிட்டார்கள். டிங்கிள் என்று தேடி வருகிற வெளிநாட்டுக்காரர் பலகை பார்த்துக் குழம்பி அடுத்த ஊருக்குப் போய்விட்டால் ஹோட்டல்காரர் கதி? ஐரிஷ் அபிமானிகளுக்கோ வேறு குறை. எங்கள் ஊரின் முழு ஐரிஷ் பெயர் 'டாங்கன் ஈ கூஷ்', அதை ஏன் வெட்டினீர்கள் என்று. ராவோடு ராவாகப் பலகைகளில் 'டிங்கிள்' என்று பெயின்ட் ஏறியது. 2006-ல் ஓட்டெடுப்பு. இரண்டு பெயரும் வேண்டும் என்று 1,005 பேர், வேண்டாம் என்று 70 பேர். அதற்கும் அரசாங்கம் உடனே மசியவில்லை. 2011-ல் சட்டம் போட்டுத்தான் ஊருக்கு இரண்டு பெயரும் திரும்பின.

எல்லாப் பெயரும் பலகைக்கு வந்துவிடவில்லை. டவுன்லேண்டுக்குள் வயல்களுக்கும் பெயர் உண்டு. கோட்டை வயல், கிணற்று வயல், சுண்ணாம்புக் காளவாய் வயல். சாலையோரப் புல்லுக்கு 'நீள ஏக்கர்' என்று பெயர். நிலமில்லாதவன் மாட்டை அங்கேதான் மேய்ப்பான். இப்பெயர்கள் பெரும்பாலும் மேப்பில் கிடையாது, விவசாயி வாயில்தான் வாழ்கின்றன. மீத் மாவட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் வயற்பெயர்களைச் சேகரித்துப் புத்தகமே போட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஏதோ ஒரு வயலில்தான் 'வழிமாற்றுப் புல்' இருக்கிறதாம். பார்த்தால் சாதாரணப் புல்கட்டி. அதன் மேல் கால் வைத்துவிட்டால் தீர்ந்தது. பிறந்ததிலிருந்து பழகின வயலாக இருந்தாலும் வெளியேறும் வாயில் கண்ணுக்குத் தெரியாது, விடிய விடியச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளில் இதில் மாட்டின மாமாக்கள் ஏராளம். பரிகாரமும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்: போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். உடனே வழி தெரிந்துவிடும்.

ஆகவே அயர்லாந்து போகிறவர்களே, கோட் வாங்கும்போது அதன் உள்பக்கத்தையும் ஒருதரம் நன்றாகப் பார்த்து வாங்குங்கள். நாலு பேர் முன்னால் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.